ஆறு மாதம் கடல், ஆறு மாதம் மழை

2024 மே 20ஆம் தேதி இரவு, கொச்சிக்கு வடக்கே ஏலூர், எடையாறு, வராப்புழை பக்கங்களில் பெரியாற்று மீன்கள் மூச்சுக்குத் தவித்து மேலே வந்தன. விடிவதற்குள் கரையெங்கும் செத்து மிதந்தன. ஆற்றில் கூண்டு வைத்து மீன் வளர்த்தவர்கள் ஓர் இரவில் அத்தனையையும் இழந்தார்கள். காரணம் கேட்டபோது இரண்டு பதில்கள் வந்தன. பாதாளம் தடுப்பணையின் மதகுகளைத் திறந்ததும், பின்னால் தேங்கிக் கிடந்த ஆக்சிஜன் குறைந்த நீர் கீழே பாய்ந்ததுதான் காரணம் என்றது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். நீரில் அம்மோனியாவும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் ஆபத்தான அளவில் இருந்தன என்றது கேரள மீன்வள, கடல்சார் ஆய்வுப் பல்கலைக்கழகம்.

ஒன்றை ஏற்றால் மற்றொன்றைத் தள்ள வேண்டும் என்று தோன்றும். வேதியியல் அப்படிச் சொல்லவில்லை. ஆக்சிஜன் தீர்ந்துபோன சேற்றில் வாழும் ஒருவகை பாக்டீரியாக்கள், ஆக்சிஜன் இல்லாத குறைக்கு நீரில் கரைந்த சல்ஃபேட்டை எடுத்துக்கொண்டு கழிவைச் சிதைக்கின்றன. அப்போது வெளிவருவதுதான் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு. அதே சேற்றில் புரதம் சிதைந்தால் அம்மோனியா வரும். ஆலைக் கழிவிலிருந்தும் அது வரலாம். அடைத்த மதகுக்குப் பின்னால் மூன்று கேடுகளும் ஒன்றாகவே இருக்க முடியும். அப்படியானால் கேட்க வேண்டியது வேறு கேள்வி: அதே இடத்தில், அதே மே மாதத்தில், மீன் சாகாத ஓர் இரவில் இவையெல்லாம் எவ்வளவு இருக்கும்?

இந்தக் கேள்விக்கு முன்கூட்டியே விடை எழுதி வைக்கும் வேலைக்குத்தான் அடிப்படை நிலை ஆய்வு என்று பெயர். ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியின் மண், மழை, நீரோட்டம், உவர்ப்பு, வெப்பம், ஆக்சிஜன், அமிலத்தன்மை, உரச்சத்து, உலோகம் ஆகியவற்றை, எதுவும் கெட்டுப்போகாத சாதாரண நாட்களில் அளந்து பதிவு செய்வது. அசம்பாவிதம் எதுவும் இல்லாதபோது செய்ய வேண்டியது என்பதால் இதற்குப் பணம் ஒதுக்குவோர் குறைவு, செய்தியில் வருவது அதைவிடக் குறைவு. ஆனால் மலையும் கடலும் கைகோக்கும் ஓர் ஊரில் ‘சாதாரண நாள்’ எது என்று அளக்கப் போனால் அது எத்தனை பெரிய வியப்பு என்பது தெரியும்.

திருப்பூணித்துறையை எடுத்துக்கொள்வோம். கொச்சி அரச குடும்பத்தின் ஊர். 1865இல் எழுந்த ஹில் பேலஸ் அரண்மனையும் பூர்ணத்ரயீசர் கோயிலும் ஓணத்துக்கு முன் வரும் அத்தச்சமய ஊர்வலமும்தான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தவை. நான் சொல்ல வந்தது அதன் தண்ணீரைப் பற்றி. அரண்மனை இருக்கும் குன்று செம்புரைக்கல், அதாவது வெட்டுக்கல். பெருமழை சிலிக்காவையும் சுண்ணத்தையும் காலங்காலமாகக் கரைத்துக்கொண்டு போக, இரும்பும் அலுமினியமும் மட்டும் மிஞ்சிச் சிவந்த மண் அது. அமிலத்தைச் சமன் செய்யும் சுண்ணம் அதில் இல்லாததால் அந்நிலத்துக் கிணற்று நீர் இயல்பாகவே கொஞ்சம் புளிப்பேறியிருக்கும். நம் ஊர்க் கிணற்றை அறிந்த ஒருவர் அந்த அமில எண்ணைப் பார்த்தால் மாசு என்றே நினைப்பார். அங்கே அது மண்ணின் குணம்.

குன்றிலிருந்து கீழே இறங்கினால் சில மீட்டர் உயரத்தில் சமநிலம். கிழக்கே அம்பலமுகளில் 1966இல் ஓடத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. பக்கத்து அம்பலமேட்டில் 1970களில் வந்த ஃபாக்ட் நிறுவனத்தின் உர ஆலை. வடகிழக்கிலிருந்து வரும் கடம்பிரயாறு பிரம்மபுரம் குப்பைக் கிடங்கை ஒட்டி வந்து சித்திரப்புழாவோடு சேர்கிறது. 2023 மார்ச் 2ஆம் தேதி தீப்பற்றி, கொச்சியைப் பல நாட்கள் புகையில் மூழ்கடித்தது அதே கிடங்குதான். சித்திரப்புழா ஊரின் பக்கமாக மேற்கே போய்ச் சம்பக்கரைக் கால்வாயோடு இணைந்து காயலை அடைகிறது. அந்தக் கால்வாய் 1993இல் அறிவிக்கப்பட்ட மூன்றாம் தேசிய நீர்வழியின் 14 கிலோமீட்டர் கிளை. ஆலைகளுக்கான சரக்கை ஏற்றிய பார்ஜ்கள் போய்வர அமைந்த வழி. இரும்பனம் அருகே கோணோத்துப்புழா என்ற சிற்றாறு பிரிந்து உதயம்பேரூர் வழியாகத் தெற்கே சென்று பூத்தோட்டைப் பக்கம் வேம்பநாட்டுக் காயலில் கலக்கிறது. ஏறக்குறைய 17 கிலோமீட்டர் நீளம், பல இடங்களில் ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது.

இந்தக் கோணோத்துப்புழாவுக்கு இரண்டு முனையிலும் கடலின் ஏற்ற வற்றம் உண்டு. எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டால் மணி பார்த்துத்தான் சொல்ல வேண்டும். காலையில் ஒரு பக்கம் போன கழிவு மாலை ஏற்றத்தில் திரும்பி வரும். ஒரு துளி கழிவு கடலைச் சென்றடைவதற்குள் எத்தனை முறை ஊரைச் சுற்றி வருகிறது என்பதே தனி ஆய்வுக்குரியது. ‘ஆலைக்கு மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி எடுத்து ஒப்பிடு’ என்று நீராய்வுப் பாடநூல் சொல்வது ஒரே திசையில் ஓடும் ஆற்றுக்குப் பொருந்தும். மேலே எது கீழே எது என்று ஆறே அடிக்கடி மாற்றிக்கொள்ளும் இடத்தில் அந்த ஒப்பீடு நிற்காது.

நீர்ப்பிடிப்புப் பகுதியின் எல்லையும் இங்கே பாடநூலுக்கு அடங்குவதில்லை. மேட்டின் முதுகுக்கோடு எங்கே போகிறதோ அதுவே எல்லை, அதற்கு இந்தப் பக்கம் விழும் மழை இந்த ஆற்றுக்கு, அந்தப் பக்கம் விழுவது அந்த ஆற்றுக்கு. விதி இவ்வளவுதான். ஆனால் 1895இல் முல்லைப் பெரியாறு அணை முடிந்ததிலிருந்து, அரபிக்கடலுக்குப் போக வேண்டிய மழையின் ஒரு பங்கு மலையைக் குடைந்து தேனிக்கும் மதுரைக்கும் வருகிறது. தமிழ் வாசகருக்கு இது தெரிந்த கதை. அவ்வளவாகத் தெரியாத இன்னொன்று உண்டு. 1976இல் இயங்கத் தொடங்கிய இடுக்கி நீர்மின் நிலையம் பெரியாற்று நீரை மூலமற்றத்தில் சுழலிகள்மேல் இறக்கி, வேலை முடிந்ததும் தொடுபுழா ஆறு வழியாக மூவாற்றுப்புழா ஆற்றில் விடுகிறது. அதாவது பெரியாற்றின் மழை, வடக்கே ஏலூர் வழியாக வருவதற்குப் பதிலாக, தெற்கே இன்னோர் ஆற்றின் வாய் வழியாகக் காயலில் இறங்குகிறது. கோடையில் மூவாற்றுப்புழாவில் எவ்வளவு நீர் வரும் என்பது இப்போது மழையைவிட மின்தேவையைப் பொறுத்தது. கேரளத்தில் மின்விசிறிகள் கூடுதலாகச் சுழலும் ஏப்ரல் இரவில் இடுக்கிச் சுழலிகளும் கூடுதலாகச் சுழலும், அந்த நீர் காயலில் உப்பைச் சற்றே பின்னுக்குத் தள்ளும். இதை முதலில் புரிந்துகொண்டபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் அடங்கவில்லை. காயல் நீரின் உவர்ப்புக் கணக்கைச் சரியாக எழுத மின்வாரியத்தின் கணக்கேடும் வேண்டும்.

உப்புக்கு வருவோம். கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. கொச்சியில் ஆண்டு மழை ஏறக்குறைய 3000 மில்லிமீட்டர், அதில் மூன்றில் இரண்டு பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டிவிடும். ஆகவே மே மாதத்தில், காயல் கடலோடு சேரும் அழிமுகத்தருகே, உப்பில் கடலுக்குச் சற்றே குறைவாக இருக்கும் நீர், ஜூலையில் மேற்பரப்பில் ஏறக்குறைய ஆற்றுநீராகிவிடுகிறது. அளவுகோலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அந்த நீர் ஆண்டுதோறும் போய்த் திரும்புகிறது. ‘சராசரி உவர்ப்பு 15’ என்று யாராவது எழுதினால், அந்த எண்ணில் நீர் தங்கியிருக்கும் நாட்கள் மிகச் சிலவாகவே இருக்கும்.

மழைக்காலத்தில் இன்னொரு விந்தை. நன்னீர் இலேசானது, கடல்நீர் கனமானது. ஆறு பெருகி வரும்போது இரண்டும் கலக்காமல், மேலே ஆறு கடலை நோக்கியும் கீழே கடல் ஆற்றை நோக்கியும் ஒரே இடத்தில் எதிரெதிராக நகரும். படகில் நின்று ஒரே இடத்தில் இரண்டு புட்டி நிரப்பினால், மேலே எடுத்தது குடிக்கும்படியும் அடியில் எடுத்தது உப்புக் கரித்தும் இருக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் மலையிலிருந்து வந்த களிமண் துகள்கள், உப்பு பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு கீழே படிகின்றன. ஒரு லிட்டருக்கு ஒன்று முதல் ஐந்து கிராம் உப்பு இருந்தாலே இது நடந்துவிடும். துகளோடு ஒட்டி வந்த துத்தநாகமும் ஈயமும் அங்கேயே அடியில் சேரும். காட்மியம் மட்டும் முரண்டு பிடிக்கும். உப்பிலுள்ள குளோரைடு அதைத் துகளிலிருந்து பிரித்து மறுபடி நீரில் கரைத்துவிடுகிறது. ஆகவே மழையில் சேற்றில் அடங்கிக் கிடந்த காட்மியம், கோடையில் உப்பு ஏறும்போது ஆலையிலிருந்து புதிதாக ஒரு சொட்டும் வராமலே நீரில் கூடலாம். பருவத்தை அறியாதவர் அதைப் பார்த்தால் யாரோ இரவில் குழாயைத் திறந்துவிட்டார்கள் என்றே முடிவு கட்டுவார்.

குடிநீரைக் கெடுக்க எவ்வளவு சிறிய அளவு உப்பு போதும் என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 19,000 மில்லிகிராம் குளோரைடு. குடிநீரில் இந்தியத் தரநிலை ஏற்கும் அளவு 250. நூறு குடம் ஆற்றுநீரில் ஒன்றரைக் குடம் கடல்நீர் புகுந்தால் எல்லை தாண்டிவிடும். கொச்சி நகரம் ஆலுவாவில் பெரியாற்றிலிருந்து குடிக்கிறது. கோடையில் உப்பு ஏறிவராமல் இருக்கத்தான் பாதாளம், மஞ்ஞும்மல், புறப்பிள்ளிக்காவு முதலிய இடங்களில் தடுப்பு. ஊர்ப்புறத்தில் மண்ணும் மூங்கிலும் வைத்துக் கட்டும் தற்காலிகத் தடுப்பை ஓருமுட்டு என்கிறார்கள். குடிநீரைக் காக்கும் இதே தடுப்புதான், அடைத்திருக்கும் மாதங்களில் கழிவையும் தேக்கி ஆக்சிஜனைத் தீர்க்கிறது. இரண்டையும் சேர்த்து யோசிக்காமல் மதகை எப்போது திறப்பது என்று முடிவெடுக்க முடியாது.

எப்போது அளப்பது என்பதிலும் கடல் ஒரு பொறி வைத்திருக்கிறது. சந்திரன் நடத்தும் ஏற்ற வற்றம் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு சுற்று. நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஓர் அலுவலகம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, ஒழுங்கு தவறாமல் ஆள் அனுப்பி மாதிரி எடுக்கிறது என்று வையுங்கள். இரண்டு வாரத்தில் 336 மணி நேரம். அதில் சந்திரனின் சுற்று 27 முறை முழுதாக முடிந்து, முக்கால் மணியளவுதான் மிச்சம் நிற்கும். அதாவது போகும்போதெல்லாம் கடல் கிட்டத்தட்ட அதே நிலையில் இருக்கும். முதல் நாள் ஏற்றமாக இருந்தால் மாதக்கணக்கில் ஏற்றம்தான் பதிவாகும், வற்றத்தில் கால்வாய் என்ன நிறத்தில் இருக்கும் என்பது தெரியவே தெரியாது. எல்லா நிலைகளையும் ஒரு சுற்று பார்த்து முடிக்க ஏறக்குறைய ஒன்பது மாதமாகும். வாராவாரம் போனால் ஏற்றமும் வற்றமும் மாறி மாறி வரும், இடைப்பட்ட நிலைகள் விடுபடும். ஒழுங்காக வேலை செய்பவரையே ஏமாற்றும் ஒழுங்கு இது. சரியான வழி, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றத்தில் ஒரு நாளும், இடைப்பட்ட சிறிய ஏற்றத்தில் ஒரு நாளும், 24 மணி நேரமும் அங்கேயே இருந்து மணிக்கு மணி எடுப்பதுதான்.

இரவிலும் எடுக்க வேண்டும். ஆக்சிஜன் கணக்கு இரவில்தான் அம்பலமாகும். 30 டிகிரி வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் தாங்கும், கடல்நீர் ஆறு சொச்சம். பாசி மண்டிய கால்வாயில் பகலில் பாசி ஆக்சிஜனை உண்டாக்கி, அளவு இதற்கும் மேலே போகும். இரவில் அதே பாசியும் மூச்சுவிடும், சேற்றுப் பாக்டீரியாவும் மூச்சுவிடும். விடியற்காலையில் அளவு அடிமட்டத்துக்கு வரும், மீன் சாவதும் அந்நேரம்தான். பகல் இரண்டு மணிக்கு எடுத்த மாதிரி அந்தக் கால்வாய்க்கு நற்சான்று கொடுத்துவிடும்.

ஆக்சிஜனை அளக்க இன்று மின்னணுக் கருவிகள் உண்டு. எனக்கு 1888இல் ஹங்கேரியின் லாயோஷ் விங்க்லர் கண்டுபிடித்த முறையே அழகாகத் தெரிகிறது. நீரைக் காற்றுக் குமிழி புகாமல் புட்டியில் நிரப்பி, மாங்கனீசு உப்பும் காரம் கலந்த அயோடைடும் விட்டால், ஆக்சிஜன் இருக்கும் அளவுக்குப் பழுப்பு நிற வீழ்படிவு உண்டாகும். ஆக்சிஜனே இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும். அமிலம் விட்டதும் பழுப்பு கரைந்து அயோடின் வெளிவரும். அதைத் தயோசல்ஃபேட் கரைசலால் சொட்டுச் சொட்டாகத் தீர்த்து, கடைசியில் ஸ்டார்ச் சேர்த்த நீலம் மறையும் சொட்டை எண்ணினால் கணக்கு முடிந்தது. கண்ணுக்குத் தெரியாத வாயு, நிறமாக மாறிக் கைக்குள் வந்துவிடுகிறது.

ஆக்சிஜன் குறைந்தால் அது கழிவின் வேலை என்று உடனே சொல்லிவிடவும் முடியாது. தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் கேரளக் கரையை ஒட்டி, கடலின் ஆழத்திலிருந்து குளிர்ந்த, ஆக்சிஜன் குறைந்த, உரச்சத்து நிறைந்த நீர் மேலேறி வருகிறது. மத்தியும் அயிலையும் கேரளத்துக்குக் கிடைப்பதே இந்த மேலேற்றத்தால்தான். அந்த நீர் கரையோரம் நெருங்கும் நாட்களில் ஏற்றத்தோடு சேர்ந்து கொச்சி அழிமுகத்தின் அடியில் புகுந்து உள்ளே வருகிறது. மழை கொட்டி மேலே நன்னீர் ஓடும்போது அடியில் கடலின் ஆழம் ஊருக்குள் நுழைகிறது. ஆகஸ்ட்டில் காயலின் அடிநீரில் ஆக்சிஜன் குறைவு என்றால் அதில் இயற்கையின் பங்கு எவ்வளவு, நகரத்தின் பங்கு எவ்வளவு? பல ஆண்டு ஆகஸ்ட்டுகளின் கணக்கு இல்லாமல் இதைப் பிரிக்க வழியில்லை.

அம்மோனியாவிலும் இப்படியொரு நுட்பம். நீரில் அது இரண்டு உருவில் இருக்கும், ஒன்று மீனுக்கு அவ்வளவாகத் தீங்கு செய்யாது, மற்றது செவுள் வழியே புகுந்து கொல்லும். எது எவ்வளவு என்பதைப் பி.எச். அளவும் வெப்பமும் முடிவு செய்கின்றன. 30 டிகிரியில், பி.எச். 7 என்றால் நஞ்சான உருவம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, 8 என்றால் ஏழெட்டு சதவீதம், 9 என்றால் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. ஆற்றுநீர் 7ஐ ஒட்டியது, கடல்நீர் 8ஐத் தாண்டியது. உர ஆலைப் பக்கத்துக் கால்வாயில் அம்மோனியாவின் மொத்த அளவு மாறாமலே இருக்க, கடல் ஏறி வருவதாலோ பகலில் பாசி மண்டுவதாலோ நஞ்சு பத்து மடங்காகலாம். அம்மோனியாவை மட்டும் அளந்து, கூடவே பி.எச்., வெப்பம், நேரம் குறிக்காத பதிவேடு எவ்வளவு தடித்திருந்தாலும் மீனின் உயிரைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

கொச்சிக்கு ஒரு நற்பேறு. சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணம் நடந்த 1960களில் இங்கே இந்தியப் பெருங்கடல் உயிரியல் மையம் அமைந்தது. பின்னர் அது 1966இல் பிறந்த தேசியக் கடலியல் நிறுவனத்தின் கிளையாயிற்று. 1969இல் சங்கரநாராயணனும் எஸ்.இசட். காசிமும் கொச்சிக் காயலின் உரச்சத்துகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வை இன்றும் ஆய்வாளர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள். இதே காசிம்தான் 1981இல் அண்டார்டிகாவுக்குப் புறப்பட்ட முதல் இந்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். பனிக்கண்டப் பயணம் பெயர் வாங்கித் தந்தது, ஆனால் காயலில் பருவந்தோறும் புட்டி நிரப்பிய அந்த வேலையை நான் அதற்குக் குறைவாக மதிக்க மாட்டேன். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அன்று எப்படி ஏறி இறங்கின என்று தெரிவதால்தான் இன்று எவ்வளவு மாறியிருக்கிறது என்று பேச முடிகிறது.

ஆனால் அந்த 1960களின் காயல் தொடாத காயலா? ராபர்ட் பிரிஸ்டோ 1920இல் வந்து, அழிமுகத்தை மறித்திருந்த மணல் திட்டை வெட்டி 1928இல் கப்பல்களுக்கு வழி திறந்தார். தோண்டிய மண்ணால் எழுந்ததுதான் வெல்லிங்டன் தீவு. வாய் ஆழமானால் கடல் கூடுதலாக உள்ளே வரும். ஏலூரில் ஃபாக்ட் உர ஆலை 1947இலேயே உற்பத்தியைத் தொடங்கிவிட்டது. 1970களின் நடுவில் தண்ணீர்முக்கம் தடுப்பணை வந்து தென்பாதிக்கு உப்பு போகாமல் கோடையில் தடுத்தது. ஒவ்வொரு தலைமுறையும் தான் முதலில் பார்த்த நிலையையே இயற்கை என்று எடுத்துக்கொண்டு, அதிலிருந்து குறைந்ததை மட்டும் இழப்பாகக் கணக்கிடுகிறது என்று மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995இல் எழுதினார். அவர் சொன்னது மீன்களைப் பற்றி. காயலின் உப்புக்கும் அது அப்படியே பொருந்துகிறது.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. நாட்டில் ஒரு பெரிய திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யும்போது, 2006ஆம் ஆண்டு அறிவிக்கையைப் பின்பற்றும் நடைமுறையில், அடிப்படைத் தரவு என்று பெரும்பாலும் கேட்கப்படுவது ஒரு பருவத்துத் தரவு. அதுவும் மழைக்காலம் தவிர்த்த பருவம், மூன்று மாதம். வறண்ட சமவெளியில் காற்றின் தூசியை அளக்க அது போதுமாக இருக்கலாம். ஆறு மாதம் கடலும் ஆறு மாதம் மழையும் ஆளும் ஒரு கரையில், மழையை விட்டுவிட்டு எழுதும் அறிக்கை பாதி ஆண்டை அழித்துவிட்டு எழுதியது. செம்புரைக்கல் குன்றின் மண் கரைந்து வருவதும், குப்பைக் கிடங்கின் சாறு ஆற்றில் இறங்குவதும், ஆழ்கடல் நீர் அடியில் நுழைவதும் அந்த விட்டுப்போன மாதங்களில்தான். குறைந்தது ஒரு முழு ஆண்டு, மூன்று பருவம், இரண்டு ஆழம், இரண்டு வகை ஏற்றம். இதற்குக் குறைந்ததைக் கேரளக் கரையில் அடிப்படை நிலை என்று ஏற்கவே கூடாது.

ஏன் இவ்வளவு அழுத்தம் என்றால், கணக்கு கேட்கும் நாள் சொல்லிவிட்டு வருவதில்லை. 2025 மே 25ஆம் தேதி எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் ஏறக்குறைய 640 கொள்கலன்களோடு கொச்சிக்கு அப்பால் கடலில் மூழ்கியது. அவற்றில் சிலவற்றில் ஆபத்தான சரக்கு இருந்தது, கால்சியம் கார்பைடும் அதில் ஒன்று. அது நீரோடு சேர்ந்தால் அசிட்டிலின் வாயுவும் சுண்ண நீரும் தரும், சுற்றியுள்ள நீரின் பி.எச். ஏறும். கேரள அரசு உயர் நீதிமன்றத்தில் 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டது. இப்படிப்பட்ட வழக்கில் எதிர்த்தரப்பு முதலில் கேட்கக்கூடிய கேள்வி, ‘முன்பு எப்படி இருந்தது, காட்டுங்கள்’ என்பதுதான். 1989இல் அலாஸ்காவில் எக்சான் வால்டீஸ் கப்பல் எண்ணெயைக் கொட்டியபோது, பல உயிரினங்களுக்கு முந்தைய எண்ணிக்கையே சரியாக இல்லாமல் விவாதம் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. ஆனால் எண்ணெய்க் கப்பல்கள் அந்த வழியே போகத் தொடங்கிய 1977ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே சிலர் அக்கடலோரத்துச் சிப்பிகளையும் மணலையும் சேகரித்து, அவற்றிலுள்ள எண்ணெய்ப் பொருள்களை அளந்து வைத்திருந்தார்கள். விபத்து நடக்கும் என்று யாருக்கும் தெரியாத நாளில் எடுத்த மாதிரிகள் அவை.

நாம் அளக்காமல் விட்ட காலத்தை மீட்க ஒரு சாட்சி உண்டு. சேறு. மண்ணில் இருக்கும் யுரேனியம் சிதையும் வழியில் ரேடான் வாயு காற்றில் கலந்து, அது ஈயம்-210 என்ற கதிரியக்க ஈயமாக மாறி மழையோடு இறங்கிச் சேற்றில் ஒட்டுகிறது. அதன் அளவு ஏறக்குறைய 22 ஆண்டுக்கு ஒரு முறை பாதியாகும். ஒரு குழாயைக் காயலின் அடியில் செருகிச் சேற்றுத் தூணை அப்படியே எடுத்து, துண்டு துண்டாக அறுத்து இந்த ஈயத்தை அளந்தால், எந்த அடுக்கு எந்த ஆண்டில் படிந்தது என்று நூறாண்டுக்கு மேலும் பின்னோக்கிச் சொல்லலாம். அணுகுண்டுச் சோதனைகள் உச்சத்தில் இருந்த 1963ஐ ஒட்டிப் படிந்த சீசியம்-137 அந்தக் கணக்கைச் சரிபார்த்துக் கொடுக்கும். பிரிஸ்டோவுக்கு முந்தைய அடுக்கும் ஆலைகளுக்கு முந்தைய அடுக்கும் அதே தூணில் இருக்கும். கொச்சிக் காயலின் வடபகுதிச் சேற்றில் துத்தநாகமும் காட்மியமும் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எந்த ஆழத்தில் அது தொடங்குகிறது என்று பார்த்தால் இயற்கையின் பங்கு தனியே தெரிந்துவிடும். எச்சரிக்கை ஒன்று வேண்டும்: தூர் வாரும் வழியிலும் பார்ஜ் ஓடும் கால்வாயிலும் சேறு கலைந்து கலைந்து அடுக்கே இராது. யாரும் தொடாத ஓரத்துச் சதுப்பைத் தேடித்தான் குழாய் செருக வேண்டும்.

சேறு உலோகத்தை நினைவில் வைத்திருக்கும், உப்பின் தடயத்தை நுண்ணுயிர்களின் ஓடுகளில் வைத்திருக்கும். அன்றைய விடியற்காலை ஆக்சிஜனையும் அம்மோனியாவையும் வைத்திருக்காது. அவற்றை அன்றன்றே அளந்தால்தான் உண்டு.

அன்றன்று அளப்பவர்கள் இந்தக் கரையில் முன்பே இருந்திருக்கிறார்கள். எர்ணாகுளம் மாவட்டத்தின் பொக்காளி வயல்களில் மழை தொடங்குமுன் மண்ணைச் சிறு சிறு மேடுகளாகக் குவித்து வைப்பார்கள். மழை மேட்டின் உப்பைக் கழுவி இறக்கிய பிறகு அதில் முளைவிட்ட நெல்லை விதைத்து, நாற்று வளர்ந்ததும் மேட்டை வெட்டிப் பரப்புவார்கள். அறுவடைக்குப் பின் நவம்பர் முதல் தூம்பு வழியாகக் கடல்நீரை ஏற்றி அதே வயலில் இறால். உப்பு எந்த வாரம் இறங்கும், எந்த வாரம் ஏறும் என்பது தவறினால் ஒரு வருடச் சோறு போய்விடும் என்பதால் அவர்கள் கணக்கு பிசகுவதில்லை. உப்பைத் தாங்கும் குணத்துக்கான மரபணுப் பகுதியை உலகின் நெல் ஆய்வாளர்கள் கண்டெடுத்ததும் இந்தப் பொக்காளியிலிருந்துதான். விதைத்த தேதி, தூம்பு திறந்த தேதி ஆகியவற்றைப் பழைய விவசாயிகளிடம் கேட்டுத் தொகுத்தால், கருவிகள் வருவதற்கு முந்தைய உவர்ப்பு நாட்காட்டியே கிடைக்கும்.

அண்மை ஆண்டுகளில் வேம்பநாட்டுக் காயலில் ஆய்வாளர்கள் பொதுமக்களையும் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு இன்னொன்றைச் செய்தார்கள். 1865இல் ஏஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் கடலில் ஒரு வெள்ளைத் தட்டை இறக்கி, அது எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்த்து நீரின் தெளிவை அளந்தார். அதே தட்டைக் கையடக்கமாக, முப்பரிமாண அச்சில் செய்து, மறையும் ஆழத்தையும் நீரின் நிறத்தையும் கைபேசிச் செயலியில் பதிய வைத்தார்கள். திருப்பூணித்துறைக்கும் இது போதாதா என்றால், தெளிவுக்குப் போதும். ஆக்சிஜனுக்கு விங்க்லர் புட்டிகள் வேண்டும். அதற்கான மாங்கனீசு சல்ஃபேட்டும் பொட்டாசியம் அயோடைடும் தயோசல்ஃபேட்டும் எந்தக் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தின் அலமாரியிலும் இருப்பவை. இரும்பனத்தில் ஒருவர், சம்பக்கரையில் ஒருவர், பூத்தோட்டையில் ஒருவர் என்று, ஏப்ரலில் உப்பு உச்சத்தில் இருக்கும்போது தொடங்கி அடுத்த ஏப்ரல்வரை, அமாவாசைக்கு ஒரு நாளும் சிறிய ஏற்றத்துக்கு ஒரு நாளும், விடியற்காலை ஐந்து மணியையும் விடாமல், மணிக்கு மணி நீர் எடுக்க ஆள்தான் வேண்டும்.